தோப்பு சாய்ந்த பிறகு: இடர்க்காலத்தில் ஒருவர் மனத்துக்குத் துணை நிற்பது எப்படி

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் வழியாக உள்ளே புகுந்து சென்றபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. கீரமங்கலத்துக்கு அருகில் என் சித்தப்பாவுக்கு இரண்டு ஏக்கர் தோப்பு இருந்தது. ஏக்கருக்கு எழுபது மரம் என்ற கணக்கில் வைத்து வளர்த்த தோப்பில், விடிந்து பார்த்தபோது பதினொரு மரங்கள்தான் நின்றன. மின்கம்பங்கள் சாலையின் குறுக்கே மடங்கிக் கிடந்ததால் மூன்றாம் நாள்தான் என்னால் ஊருக்குப் போய்ச்சேர முடிந்தது. சித்தப்பா சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் அமர்ந்திருந்தார். நான் அருகில் போய், "கவலைப்படாதீங்க சித்தப்பா, அரசாங்கம் நிவாரணம் கொடுக்கும், மறுபடியும் வச்சுக்கலாம்" என்றேன். அவர் "ம்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சற்று நேரத்தில் பக்கத்துத் தோப்புக்காரர் வந்தார். அவருடைய மரங்களும் போயிருந்தன. அவர் ஒன்றும் சொல்லாமல் அதே மரத்தில் சித்தப்பாவுக்கு அருகில் அமர்ந்து, வெற்றிலையை மடித்து ஒன்றை அவரிடம் நீட்டிவிட்டு, மரத்தை உள்ளங்கையால் தட்டி, "இது எந்த வருசம் வச்ச பிள்ளை?" என்று கேட்டார். "எண்பத்தாறு. அப்பா இருக்கையில வச்சது. கெணத்துல தண்ணி இல்லாம குளத்துலேருந்து கொடத்துல தூக்கி ஊத்துனேன்" என்று சித்தப்பா பேசத் தொடங்கினார். ஒவ்வொரு வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், எந்த வரிசையில் என்று நினைவில்லை, குலுங்கி அழுதார். பக்கத்துத் தோப்புக்காரர் அவரை அழ வேண்டாம் என்று சொல்லவில்லை. தோளில் கையை வைத்தபடி எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை தானாக அடங்கிய பிறகு, "வா, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வருவோம்" என்று எழுப்பிக் கூட்டிச் சென்றார். மூன்று நாள்களில் சித்தப்பா எழுந்து ஒரு வேலையைச் செய்தது அப்போதுதான் என்று சித்தி பிறகு சொன்னார்.

அந்த அரை மணி நேரத்தில் அவர் செய்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, யாரும் கற்றுக்கொள்ளும்படி எழுதிவைக்க வேண்டும் என்று அன்றிலிருந்து எனக்கு விருப்பம். அதன் பிறகு வந்த பெருந்தொற்றுக் காலத்திலும், வேலை இழந்த நண்பர்களிடத்திலும், வெள்ளத்தில் வீட்டைப் பறிகொடுத்தவர்களிடத்திலும் நான் பயன்படுத்தியது இதைத்தான். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் புயலில் இருந்து வந்தாலும், முறை எல்லா வகைத் துயரத்துக்கும் பொதுவானது.

உடலுக்குள் நடப்பது

ஆபத்து நேரும்போது உடல் அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய சுரப்புகளை மிகுதியாக வெளியிட்டு, இதயத்தை வேகமாகத் துடிக்கச்செய்து, தசைகளை இறுக்கி, தப்பி ஓடவோ எதிர்த்து நிற்கவோ நம்மை ஆயத்தப்படுத்துகிறது. புயல் ஓய்ந்த பின்னும், கடன், வீடு, படிப்புச் செலவு என்ற அச்சங்கள் ஓயாததால் அந்த ஆயத்தநிலை தணியாமல் நீடிக்கிறது. தூக்கம் வராமை, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல், பசியின்மை, காரணமில்லாத எரிச்சல், ஒரு படிவத்தைக்கூட நிரப்ப முடியாத மறதி ஆகியவை அதன் விளைவுகள். நம் ஊர்ப் பெரியவர்கள் இதை மனத்தின் பெயரால் சொல்வதில்லை. "நெஞ்சு அடைக்குது", "கைகால் ஓஞ்சு போச்சு", "வயித்துல என்னமோ பண்ணுது" என்று உடலின் மேல் வைத்தே சொல்வார்கள். அப்படிச் சொல்வதைக் கேட்டவுடன் மனக்கவலைதான் என்று தள்ளிவிடவும் கூடாது, ஏனெனில் நெஞ்சடைப்பு உண்மையிலேயே இதயக் கோளாறாக இருக்கலாம். முதலில் மருத்துவரிடம் காட்டிவிட்டு, அதன் பிறகு மனத்தைப் பற்றிப் பேசுங்கள்.

இந்த ஆயத்தநிலையைத் தணிப்பதில் அருகில் இருக்கும் இன்னொரு மனிதருக்குப் பெரும் பங்கு உண்டு. ஜேம்ஸ் கோன் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2006-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மணமான 16 பெண்களுக்குச் சிறிய மின்அதிர்ச்சி தரப்போவதாக அறிவித்துவிட்டு, அவர்களது மூளையில் எழும் அச்சத்தைப் படம்பிடித்தார்கள். தனியாக இருந்தபோது எழுந்த அச்சம், முன்பின் அறியாத ஒருவரின் கையைப் பிடித்திருந்தபோது சற்றுக் குறைந்தது. கணவரின் கையைப் பிடித்திருந்தபோது இன்னும் நன்றாகக் குறைந்தது. மணவாழ்வு இணக்கமாக இருந்தவர்களுக்கு மிக அதிகமாகக் குறைந்தது. பக்கத்துத் தோப்புக்காரரின் கை சித்தப்பாவின் தோளில் இருந்தபோது நடந்ததும் இதற்கு நெருக்கமான ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

முதலில் போக வேண்டும், கையில் ஏதாவது எடுத்துக்கொண்டு

உலக சுகாதார நிறுவனம் வேறு சில அமைப்புகளுடன் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, உதவப் போகிறவர் செய்ய வேண்டியதை மூன்று செயல்களாகச் சொல்கிறது: சூழலைப் பாருங்கள், துயரத்தில் இருப்பவரின் பேச்சைக் கேளுங்கள், தேவைப்படும் உதவியுடன் அவரை இணைத்துவிடுங்கள். மனநல மருத்துவம் படிக்காத எவரும் இதைச் செய்யலாம் என்பதுதான் அந்தக் கையேட்டின் அடிப்படை.

பார்ப்பது என்பதற்குப் பொருள், ஆறுதல் பேச்சைத் தொடங்கும் முன் அந்த வீட்டின் நிலையைக் கவனிப்பது. குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, ஓடு சரிந்து யார் தலையிலாவது விழும்படி தொங்குகிறதா, சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் நனைந்து போய்விட்டனவா, கைக்குழந்தைக்குப் பால் இருக்கிறதா என்று பாருங்கள். கஜாவுக்குப் பிறகு பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த நாள்களில் ஜெனரேட்டர் வைத்திருந்த ஒருவர் தெருவில் உள்ளவர்களின் கைப்பேசிகளுக்கெல்லாம் மின்னேற்றிக் கொடுத்தார்; சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்த பிள்ளைகளின் குரலை அதனால் கேட்க முடிந்த தாய்மார்களுக்கு அதைவிடப் பெரிய ஆறுதலை யாரும் தந்திருக்க முடியாது. ஆகவே மனத்துக்கான உதவி வேறு, கைக்கான உதவி வேறு என்று பிரித்துக்கொள்ளாதீர்கள். தார்ப்பாயைக் கட்டிக்கொண்டே பேசுவது வெறுங்கையுடன் எதிரே அமர்ந்து பேசுவதைவிட எளிது, குறிப்பாக ஆண்களிடம். நேருக்கு நேர் முகத்தைப் பார்த்து "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்று சொல்லி முடித்துவிடுகிறவர், பக்கவாட்டில் அமர்ந்து கீற்றை இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது தானாகவே மனத்தைத் திறப்பார்.

கேட்பது எப்படி

இந்தக் கட்டுரையிலேயே நீங்கள் நின்று படிக்க வேண்டிய பகுதி இதுதான், ஏனெனில் பெரும்பாலான பிழைகள் இங்குதான் நேர்கின்றன. நான் செய்த பிழையும் இங்கேதான் நேர்ந்தது. சித்தப்பாவிடம் நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நிவாரணம் வரத்தான் செய்தது. சாய்ந்த மரத்துக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயுமாக ஒரு மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஆனால் முப்பத்திரண்டு ஆண்டுகளாகத் தன் கண்முன் வளர்ந்த மரத்தின் அருகே அமர்ந்திருப்பவருக்கு, அந்தத் துயரத்தை ஒருவர் காது கொடுத்துக் கேட்பதற்கு முன்பே தீர்வைச் சொன்னால், "உன் துயரத்தைச் சீக்கிரம் முடித்துக்கொள்" என்று சொன்னதாகவே அது விழும். தென்னங்கன்றுக்குப் பிள்ளை என்று பெயர் வைத்திருக்கும் மொழியைப் பேசும் நான், "மறுபடியும் வச்சுக்கலாம்" என்று எவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. நெட்டை ரகம் காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும்; அன்று சித்தப்பாவுக்கு வயது அறுபத்து மூன்று.

எனவே முதல் கேள்வி, நடந்துபோன இழப்பின் விவரத்தைப் பற்றியதாகவும், பதில் சொல்ல எளியதாகவும் இருக்கட்டும். "எந்த வருசம் வச்சது?", "புயல் அடிக்கிறப்ப எங்க இருந்தீங்க?", "ராத்திரி யார் கூட இருந்தாங்க?" என்பவை அத்தகைய கேள்விகள். "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று நேரடியாக உணர்வைக் கேட்பது நம் பேச்சு வழக்கத்தில் பெரும்பாலானவர்களுக்கு அந்நியமாகப்படும். விவரத்தைச் சொல்லத் தொடங்கினாலே உணர்வு அதன் பின்னால் வந்துவிடும்.

அவர் பேசும்போது நீங்கள் செய்ய வேண்டியது மிகக் குறைவு. அவர் சொன்ன கடைசிச் சொற்களை மெல்லத் திருப்பிச் சொல்லலாம்: "கொடத்துல தூக்கியா ஊத்துனீங்க?" என்று. அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். அமைதி பத்து விநாடி நீண்டாலே நமக்குக் கை பரபரக்கும். அந்த இடத்தை ஒரு பழமொழியாலோ ஒரு ஜோசியத்தாலோ நிரப்பத் தோன்றும். நிரப்பாதீர்கள், ஏனெனில் அந்த அமைதிக்குப் பிறகுதான் பலர் உண்மையாகச் சொல்ல வந்ததைச் சொல்வார்கள். அழுதால் அழட்டும். நம் கிராமங்களில் ஒப்பாரி என்ற வழக்கம் இருந்ததே, துயரத்துக்குச் சொல் கொடுத்து, அதை ஊர் கூடிக் கேட்பதற்காகத்தான். இறப்பு வீட்டில் பெண்கள் கட்டிக்கொண்டு அழுவதை இயல்பாக ஏற்கும் நாம், தோப்பை இழந்தவரோ வேலையை இழந்தவரோ அழுதால் மட்டும் "ஆம்பளை அழலாமா" என்று ஏன் தடுக்க வேண்டும்?

சொல்லக் கூடாத வாக்கியங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். "எல்லாம் விதி" என்று துயரப்படுகிறவர் சொன்னால் அது அவரது பற்றுக்கோடு. நீங்கள் சொன்னால் அது அவர் வாயை அடைப்பது. "அவங்களுக்கு வீடே போயிருச்சு, உங்களுக்குத் தோப்பு மட்டுந்தானே" என்ற ஒப்பீட்டைப் போலக் காயப்படுத்துவது வேறொன்றில்லை. "நான் அப்பவே சொன்னேன், இன்சூரன்ஸ் போடுங்கன்னு" என்பது உண்மையாகவே இருந்தாலும் ஆறு மாதம் கழித்துச் சொல்ல வேண்டியது. மாறாக, "நான் இங்கதான் இருக்கேன்", "நாளைக்குச் சாயங்காலம் வர்றேன்" என்ற இரண்டும் எந்த நிலையிலும் சொல்லத் தக்கவை, சொன்னபடி வருவீர்கள் என்றால்.

பேச விரும்பாதவரைப் பேசவைக்க முயலாதீர்கள். பேரிடர் நடந்த சில நாள்களிலேயே ஒவ்வொருவரையும் உட்காரவைத்து நடந்ததை முழுவதும் விவரிக்கச் சொல்லும் முறை ஒரு காலத்தில் பல நாடுகளில் பரவலாக இருந்தது. அது பயன் தரவில்லை என்றும், சிலருக்கு நிலையை மோசமாக்கவும் கூடும் என்றும் தெரியவந்த பிறகு உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைப்பதில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து, "அந்த நேரத்துல என்ன நெனைச்சீங்க?" என்று கேட்கிறவர்களிடமிருந்து உங்கள் உறவினரைக் காப்பதும் ஆறுதலின் ஒரு பகுதிதான்.

ஒரு வீட்டுக்குப் போனால் அங்கே ஒருவரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். சித்தப்பாவைச் சுற்றி நாங்கள் பத்துப் பேர் அமர்ந்திருந்த நேரத்தில், சித்தி மூன்று கல்லை அடுக்கி, ஈர விறகை ஊதி ஊதி எங்களுக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். தோப்பு அவருடையதும்தான்; காய் விற்ற காசில் மகளிர் குழுக் கடனைக் கட்டிக்கொண்டிருந்தவர் அவர். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்தாம் நாள் என் மனைவி அடுப்படியில் அவர் பக்கத்தில் அமர்ந்து ஊதுகுழலைக் கையில் வாங்கியபோதுதான் அவர் பேசினார்.

பதினாறாம் நாளுக்குப் பின்

இறப்புக்குத் துக்கம் விசாரிக்கச் செல்வதற்கும், காரியம் வரை உடனிருப்பதற்கும் நம்மிடம் வரையறுத்த முறை இருக்கிறது. எந்த நாளில் யார் வர வேண்டும், யார் வீட்டுச் சாப்பாடு என்பது வரை தெளிவாக இருப்பதால், என்ன பேசுவது என்று தெரியாதவரும் தயக்கமில்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போக முடிகிறது. இந்த ஏற்பாட்டை உண்டாக்கியவர்களின் அறிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அதில் இரண்டு இடைவெளிகள் உண்டு. வேலை இழப்பு, கடன், மணமுறிவு, தோப்பின் அழிவு ஆகியவற்றுக்கு இப்படி எந்த முறையும் இல்லாததால், விசாரிக்க வேண்டியவர்களே சங்கடப்பட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். மற்றொன்று, பதினாறாம் நாளோடு எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். உறைந்து போயிருந்த மனம் இளகி, இழப்பின் முழு எடையும் தெரியத் தொடங்குவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

இந்த இடைவெளியை நிரப்ப எங்கள் குடும்பத்தில் செய்ததைச் சொல்கிறேன். பங்காளிகளும் மாமன் மச்சான்களுமாக ஐந்து பேர் சேர்ந்து, வாரத்தில் ஒரு நாளை ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டோம். உள்ளூரில் இருந்தவர்கள் நேரில் போனார்கள். வெளியூரில் இருந்த நான் வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு அழைப்பேன். "ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க" என்று யாரும் சொல்லவில்லை, ஏனெனில் துயரத்தில் இருப்பவர் கூப்பிட மாட்டார். பதிலாக ஒவ்வொருவரும் ஒரு வேலையைப் பொறுப்பேற்றோம்: ஒருவர் கிராம நிர்வாக அலுவலரிடம் கணக்கெடுப்புக்கு உடன் போவது, ஒருவர் மரம் அறுக்கும் மெஷின்காரரிடம் பேசி முடிப்பது, இன்னொருவர் கூட்டுறவு வங்கியில் கடன் தவணை பற்றி விசாரிப்பது. மூன்று மாதம் இதைத் தொடர்ந்தோம். நீங்கள் செய்யும்போது ஆள்கள் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, நாளையும் நேரத்தையும் மட்டும் முன்கூட்டியே குறித்துவிடுங்கள். வரப்போகிற வியாழக்கிழமை என்று ஒன்று இருப்பது, நாள்கள் எல்லாம் ஒன்றாகக் கலங்கிக் கிடக்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு போல உதவும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில், பெங்களூரு நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவ நிறுவனத்தினர் உள்ளூர் மக்களிலிருந்தே தன்னார்வலர்களைத் தேர்ந்து பயிற்சி அளித்ததற்குக் காரணம் இருக்கிறது. வெளியிலிருந்து வருகிற வல்லுநர் ஒரு நாள் திரும்பிப் போயாக வேண்டும். அதே தெருவில் குடியிருப்பவர் மறுவாரமும் வந்து கதவைத் தட்டுவார்.

துயரத்தில் இருப்பவர் நீங்களாக இருந்தால்

கேட்டுப் பெறுவது கொடுப்பதைவிடக் கடினம் என்பது எனக்குத் தெரியும். "நம்ம கஷ்டத்தை ஏன் மத்தவங்க மேல ஏத்தணும்" என்ற நினைப்பும், நாளைக்கு நாலு பேர் வாயில் விழுவோம் என்ற அச்சமும் நம்மைத் தடுக்கின்றன. அந்த அச்சம் முழுவதும் ஆதாரமற்றது என்று சொல்ல மாட்டேன்; சொன்னதை ஊர் முழுக்கப் பரப்புகிறவர்கள் எல்லா உறவிலும் இருக்கிறார்கள். அதனால் யாரிடம் சொல்வது என்பதை நிதானமாகத் தேர்ந்தெடுங்கள். இதற்கு முன் யாரைப் பற்றியும் உங்களிடம் புறம் பேசாதவர் யார், நீங்கள் பேசி முடித்த பிறகு உங்களுக்கு நெஞ்சு லேசாகும்படி இருப்பவர் யார் என்று யோசித்து, இரண்டு அல்லது மூன்று பெயர்களைத் தாளில் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒருவரே தாங்க வேண்டியதில்லை. பணக் கணக்கைப் பேச மச்சான், அழுவதற்கு அக்கா, வேறு எதையாவது பேசி மனத்தை மாற்றப் பள்ளித் தோழன் என்று பிரித்துக்கொள்ளலாம்.

கேட்கும்போது வேண்டியதைத் தெளிவாகச் சொல்லுங்கள். "மனசு சரியில்லை" என்று மட்டும் சொன்னால், கேட்பவர் பதறி அறிவுரைகளைக் கொட்டத் தொடங்குவார். "எனக்கு யோசனை எதுவும் இப்ப வேண்டாம், ஒரு பத்து நிமிசம் சொல்றேன், கேட்டா போதும்" என்று தொடங்கினால் இருவருக்கும் நிம்மதி. நேரில் சொல்ல நா எழவில்லை என்றால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பலாம். யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று இருந்தால், தொடர்ந்து மூன்று நான்கு நாள்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், பிழை திருத்தாமல் நோட்டில் எழுதி, வேண்டுமானால் கிழித்துப் போடுங்கள். இப்படி எழுதுவது பலருக்கு உதவுவதை உளவியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இரவில் படபடப்பு வரும்போது, நான்கு எண்ணும் அளவுக்கு மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் அளவுக்கு மெதுவாக விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். ஐந்து நிமிடம் போதும். புயல் வழித்தடங்களைப் பற்றிய காணொளிகளையும், உண்மையா என்று தெரியாமல் பலர் கை மாறி வரும் செய்திகளையும் படுக்கையில் பார்ப்பதை நிறுத்திவிட்டு, காலையும் மாலையும் ஒருமுறை வானிலை மைய அறிவிப்பை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கத்துக்காக மதுவை நாடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அது கண்ணை மூடச்செய்யும், ஆனால் பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்து, மறுநாள் அச்சத்தைக் கூட்டும். தெரிந்தவர் ஒருவர் கொடுத்தார் என்று தூக்க மாத்திரைகளையும் விழுங்காதீர்கள்.

குழந்தைகளைப் பற்றிச் சுருக்கமாக. அவர்களுக்கு முன் எதுவும் நடக்காதது போல நடிப்பதைவிட, அவர்கள் வயதுக்கேற்ற உண்மையைச் சொல்வது நல்லது; மீண்டும் படுக்கையை நனைப்பது, தாயை விட்டு நகர மறுப்பது ஆகியவற்றுக்கு அடிக்காமல் பொறுத்திருங்கள்; பள்ளியும் விளையாட்டும் எவ்வளவு விரைவில் தொடங்குகின்றனவோ அவ்வளவு நல்லது.

எப்போது மருத்துவரிடம் ஒப்படைக்க வேண்டும்

பெரும்பாலானவர்கள் சில வாரங்களில் உறவினரின் துணையோடு தாமாகவே தேறிவிடுகிறார்கள். ஆனால் சோர்வும் ஈடுபாடின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நாள் முழுவதும் நீடித்தாலோ, ஒரு மாதம் கடந்த பிறகும் அந்த நிகழ்வு கண்முன் திரும்பத் திரும்ப நடப்பது போலிருந்தாலோ, குளிப்பதும் சாப்பிடுவதும் நின்றுபோனாலோ, குடி அதிகரித்துக்கொண்டே போனாலோ, உங்கள் அன்பு மட்டும் போதாத நிலை வந்துவிட்டது என்று பொருள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. "பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டர்கிட்டயா" என்று தயங்குகிறவரிடம், "தூக்கம் வரலைல்ல, அதுக்குக் காட்டுவோம், நானும் கூட வர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். கூடவே போவது முக்கியம்.

"இருந்து என்ன செய்யப் போறேன்", "நான் போயிட்டா கடனாவது தீரும்" என்பது போன்ற பேச்சுக் காதில் விழுந்தால் கடந்துபோகாதீர்கள். "செத்துப் போயிடலாம்னு நெனைப்பு வருதா?" என்று நேரடியாக, தாழ்ந்த குரலில் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது. தனியாகச் சுமந்துகொண்டிருந்ததை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைத்ததாகவே பெரும்பாலானவர்கள் உணர்கிறார்கள். ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். விவசாய வீடாக இருந்தால் பூச்சிமருந்து அன்றைக்கே வீட்டை விட்டு வெளியேற வேண்டும். சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைச் சேர்ந்தவர்கள், கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில், விவசாயிகள் தங்கள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டுப் பெட்டிகளில் வைத்து எடுக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்ததன் காரணம் இதுதான்: கையெட்டும் தூரத்தில் இல்லை என்றால், அந்தக் கொடிய கணம் கடந்துபோக அவகாசம் கிடைக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், பங்காளி வீட்டு மோட்டார் கொட்டகையில் பூட்டிச் சாவியை அவரிடம் கொடுத்தாலே போதும்.

டெலி மானஸ் என்ற மத்திய அரசின் இலவசத் தொலைபேசி ஆலோசனைச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. எண் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டு அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். இரண்டையும் இப்போதே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். துயரப்படுகிறவர் தாமே அழைக்க மாட்டார் என்றால், நீங்கள் எண்ணைப் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்து, முதல் இரண்டு வாக்கியங்களை நீங்களே பேசிவிட்டுக் கைப்பேசியை அவரிடம் கொடுக்கலாம்.

உதவுகிறவருக்கும் ஒரு சொல். ஒவ்வொரு வீடாகக் கேட்டுக் கேட்டு வரும்போது உங்களுக்கும் தூக்கம் கெடும், உங்கள் பிள்ளைகளிடம் எரிந்துவிழுவீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது யாருடைய துயரமும் இல்லாமல் இருங்கள், நீங்கள் கேட்டவற்றை இறக்கிவைக்க உங்களுக்கும் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் வியாழக்கிழமை கொடுத்துவிட்டால் எதையும் காப்பாற்ற முடியாது.

கடைசியாக, அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். ஓராண்டு நிறைவு நெருங்கும்போது, ஆறிவிட்டதாகத் தோன்றிய மனமும் கலங்கும். வானம் கறுத்துக் காற்றுக் கிளம்பினாலே சிலருக்குக் கை நடுங்கும். நான் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 16 காலையில் சித்தப்பாவை அழைக்கிறேன். புயலைப் பற்றி நாங்கள் பேசுவது குறைவு. சென்ற முறை, "மழை பெய்யுதா அங்க? சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, கிணற்றடியில் வைத்த இரண்டு குட்டை ரகப் பிள்ளைகளில் ஒன்று பாளை விட்டிருக்கிறது என்றார். எந்த வருடம் வைத்தது என்று கேட்டேன். சொல்லத் தொடங்கினார்.